சமாதானக் கடையும் அதன் இரண்டு எதிரிகளும்

நான் சம்பளம் வாங்கிக்கொண்டு சமாதானம் செய்கிறவள். கொழும்பில் இப்படி ஓர் உத்தியோகம் உண்டு. போர் நடந்த காலத்தில் ஆரம்பித்த அலுவலகம், போர் முடிந்த பிறகு மூட மறந்துபோய் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. என் வீட்டில் மருமகளும் மாமியாரும் (அதாவது நானும் அவரும்) பேசிக்கொள்வதில்லை என்பதை அலுவலகத்தில் யாரிடமும் சொல்வதில்லை.

இந்த வருடம், கடலின் இரண்டு பக்கத்துப் பெண்களையும் கொழும்பில் ஒரே மேடையில் ஏற்றுவது என்று எங்கள் அமைப்பு தீர்மானித்தது. தூத்துக்குடியிலிருந்து இரண்டு மீன்காரப் பெண்கள் வேண்டும். பல வருடங்களுக்கு முன் அடுத்தடுத்த தெருக்காரர்கள் அரிவாளோடு கடற்கரையில் இறங்கியபோது, இந்த இருவரும் வெள்ளைக்கொடி பிடித்து நடுவில் உட்கார்ந்து சண்டையை நிறுத்தினார்களாம். அந்தப் படம் எங்கள் அலுவலகச் சுவரில் தொங்குகிறது. இருவரையும் நேரில் அழைத்து, சம்மதம் வாங்கி வருவது என் வேலை. நான்கைந்து நாள் வெளியூர் என்றதும் மாமியாரைவிட நான்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன்.

தூத்துக்குடியில் முதலில் என்னை வரவேற்றது வெயில். கொழும்பு வெயில் வியர்க்க வைக்கும், இது பொரிக்கும். ஆட்டோக்காரரிடம் எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னதுதான் தாமதம். “கொழும்பா? எங்க அப்பா அங்கனதான் கடை வச்சிருந்தாவ” என்றார். விடுதி மேலாளரும் அதையே சொன்னார், மத்தியானம் பரோட்டா போட்டவரும் சொன்னார். கொழும்பில் கடை வைத்திராத அப்பா இந்த ஊரில் யாருக்குமே இல்லை போலிருக்கிறது. இத்தனை பேர் கடை வைத்திருந்தால் வாங்குவதற்கு அங்கே ஆள் இருந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

பரோட்டாவை இங்கே எண்ணெயில் பொரித்துத் தருகிறார்கள். நாங்கள் அதைக் கல்லில் போட்டுக் கொத்துகிறோம். இரண்டு நாட்டிலும் அதைச் சும்மா விடுவதில்லை. நான் இரண்டு பொரிச்ச பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்துத் தின்றுவிட்டு, சமாதானத்தைத் தேடி மீன் சந்தைக்குப் போனேன்.

புதுக் கட்டிடம். சிமெண்ட் மேடைகள், மேலே தகரக் கூரை, நல்ல நிழல். ஒரு மேடைக்கு மேல் மட்டும் ‘சமாதானக் கடை’ என்று பலகை மாட்டி, பக்கத்தில் ஒரு புறா வரைந்திருந்தார்கள். வரைந்தவர் கோழியைத்தான் அதிகம் பார்த்திருக்க வேண்டும். நான் நின்ற கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து கறி கிலோ என்ன விலை என்று கேட்டுவிட்டுப் போனார்.

கடையில் இருந்தவர் புஷ்பம். படத்தில் இடது பக்கம் இருந்தவர், இப்போது தலை நரைத்திருந்தது. விளமீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் படத்தைக் காட்டி வெள்ளைக்கொடியைப் பற்றிக் கேட்டேன்.

“கொடியா? அது ஐஸ்பெட்டிய மூடுத சாக்குக்கா. வெயிலுக்குத் தலையில போட்டிருந்தோம்.”

“நடுவில உட்கார்ந்து சண்டையை நிப்பாட்டினீங்களாமே?”

“அருவாளுக்கு நடுவுல எவ உக்காருவா? எங்களுக்கென்ன கிறுக்கா?” என்றவர், நடந்ததைச் சொன்னார். ஒரு தெருவில் விசைப்படகு, மறு தெருவில் சிறிய வள்ளம். விசைப்படகுகள் வள்ளக்காரர்களின் வலையை அறுத்துவிட்டுப் போக, மண்டை உடைந்தது. மறுநாளும் ஆண்கள் கடலுக்குப் போனார்கள், பிடித்தார்கள், கரையில் வைத்து ஏலம் கூறினார்கள். கேட்க ஆள் இல்லை. வெட்டுக்குத்துக்குப் பயந்து வியாபாரிகள் லாரியோடு திரும்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தது கூடைக்காரப் பெண்கள். புஷ்பம் ஒரு தெரு, ரெஜினா மறு தெரு. இரண்டு பேரும் தங்கள் தெருப் பெண்களைக் கூட்டிவந்து ஏலக்களத்தில் உட்கார வைத்தார்கள். ஒருத்தியும் விலை கேட்கவில்லை. கேட்கவும் கூடாது, எழுந்து போகவும் கூடாது என்று பேச்சு.

“மீனு நாறிச்சி. மறுநாளும் நாறிச்சி. ஊரே மூக்கப் பொத்துச்சி. பொறவு ரெண்டு தெருக்காரனும் மாதா கோயில் சாமியார் பங்களாவுல போயி உக்காந்து கையெழுத்துப் போட்டானுவ.”

“உங்களுக்கும் அந்த நாளெல்லாம் வியாபாரம் இல்லைதானே?”

“அடுப்பே எரியல. படத்துல அது தெரியாதுல்லா?”

ஐரோப்பாவில் முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோதே எதிரெதிர் நாட்டுப் பெண்கள் கடல் கடந்து ஒன்றுகூடினார்கள், மந்திரிகளை வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள் என்று நான் பயிற்சிகளில் சொல்வதுண்டு. மந்திரிகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, போரை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். எங்கள் நாட்டில் தாய்மார் காணாமல் போன பிள்ளைகளின் படத்தோடு வருடக்கணக்காகத் தெருவோரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நாட்களின் கூலியை யாரும் அவர்களுக்குத் தரவில்லை. வேலையை விட்டுவிட்டுச் சமாதானத்துக்குப் போன பெண்களைப் பற்றித்தான் எனக்குத் தெரியும். வேலை செய்கிற இடத்திலேயே, வேலையை நிறுத்தியே சமாதானத்தைக் கொண்டுவந்தவர்களை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

“ரெஜினாக்காவை எங்க பார்க்கலாம்?” என்று கேட்டேன்.

புஷ்பத்தின் முகம் மாறிவிட்டது. “அவ பேர இந்தக் கடையில எடுக்காதிய!” என்று சந்தைக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார். கடையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம், தெருவிலிருந்து, இன்னொரு குரல் வந்தது. “ஏளா, எம் பேரு ஒன் வாயில எதுக்குளா வருது?” அதற்குப் பிறகு சுவருக்கு மேலால் வந்ததையும் போனதையும் அச்சில் போட முடியாது. நான் காதைப் பொத்திக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

சத்தம் கேட்டுச் சந்தைக் கமிட்டித் தலைவர் வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. மீன் சந்தைக்குள் வெள்ளைச் சட்டையோடு நடமாடுகிறவர் மீனைத் தொடுவதில்லை என்று புரிந்துகொண்டேன். அவர்தான் விளக்கினார். சந்தை கட்டி முடித்ததும், ஊரைக் காப்பாற்றிய இரண்டு பெண்களுக்கும் மரியாதை செய்யக் கமிட்டி முடிவு செய்ததாம். இரண்டு பேர் பேரிலும் சேர்த்து ஒரு கடை.

“இரண்டு பேருக்கும் ஒரே கடையா?”

“சமாதானம் பண்ணுனவ்வோ மேடம். அவ்வோளுக்கே பிரிச்சிக் குடுத்தா நல்லாவா இருக்கும்?”

மேடையில் மீன் வெட்டுகிற பலகை ஒன்று வைக்கத்தான் இடம். இரண்டு பேரும் காலையிலிருந்து சாயங்காலம் வரை விற்கிறவர்கள். ஒருத்தி அரிவாளை ஓங்கினால் மற்றவள் குனிய வேண்டும். கொஞ்ச நாளில் சண்டை பிடித்து, ரெஜினா கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்ச் சுவருக்குப் பின்னால் வெயிலில் உட்கார்ந்துவிட்டார். சமாதானத்துக்குக் கொடுத்த பரிசில் ஆரம்பித்த சண்டை. இப்போது இரண்டு தெருவிலும் மறுபடி முணுமுணுப்பு. சந்தையில் ஒரு கடை காலியாக இருக்கிறது. அதில் தன் தங்கை மகனுக்குச் செல்போன் கடை வைத்துக் கொடுக்கத் தலைவருக்கு ஆசை. ஆனால் இந்தச் சண்டை முற்றினால் அதை ரெஜினாவுக்குத் தர வேண்டியிருக்கும். மூன்றாம் நாள் சாயங்காலம் கமிட்டி கூடி முடிவு செய்யப் போகிறது.

“நான் கதைச்சுப் பார்க்கிறன்” என்றேன். “அதுக்குள்ள ரெண்டு பேரையும் சேர்த்து வைக்கிறது என்ர பொறுப்பு.”

தலைவர் கையெடுத்துக் கும்பிட்டார். “நீங்க மட்டும் ராசியாக்கி வச்சிட்டியன்னா, அந்தக் கடை மிச்சம் மேடம்.” அந்தச் சந்தோஷம் தங்கை மகனுக்காக என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை எங்களுக்கு உள்ளூரில் உதவுகிறவர்கள் ஒரு ஹோட்டலில் ‘உழைக்கும் பெண்களும் சமாதானமும்’ என்று கருத்தரங்கு வைத்திருந்தார்கள். காலை பத்து மணி. உழைக்கும் பெண்கள் எல்லோரும் உழைத்துக்கொண்டிருக்கிற நேரம். ஆகவே மேடையில் ஆண்கள் இருந்தார்கள், கீழே வருகைப்பதிவுக்காகக் கல்லூரி மாணவிகள் இருந்தார்கள். முத்தையாபுரத்திலிருந்து உப்பளத் தொழிலாளி ஒருவரை மட்டும் எப்படியோ பிடித்து வந்திருந்தார்கள். விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து உப்பு வாரிவிட்டு வந்தவர், ஏசி பட்டதும் முதல் வரிசையில் தூங்கிவிட்டார். அந்த மண்டபத்திலேயே சமாதானமாக இருந்தவர் அவர் ஒருவர்தான். அவரை எழுப்பிப் பேசச் சொன்னார்கள். “மைக்க ஆப் பண்ணுங்கய்யா” என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கினார். அன்றைக்குக் கைதட்டலுக்குத் தகுதியான பேச்சு அதுதான், யாரும் தட்டவில்லை.

ஒருவர், முத்துக்குளித்த காலத்தில் பெண்களுக்கு இருந்த மதிப்பைப் பற்றி நெடுநேரம் பேசினார். கடலுக்குள் குதிப்பவனின் கயிற்றை அவன் மனைவியின் கூடப்பிறந்தவன்தான் பிடிப்பானாம். தங்கை தாலியறுக்கக்கூடாதே என்று விடாமல் பிடிப்பானாம். சாயங்காலம் இதை நான் ரெஜினாவிடம் சொன்னபோது அவர், “கயித்தப் பிடிச்சது அண்ணன், தண்ணிக்குள்ள போனது மாப்பிள்ள. வீட்டுல பயந்துக்கிட்டு இருந்ததுக்கு மட்டும் நாங்களாக்கும்” என்றார்.

ரெஜினாவைப் பார்க்கக் கையில் ஒரு பெட்டி மக்ரூன் வாங்கிப் போயிருந்தேன். முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் செய்கிற இந்த இனிப்பு வாயில் வைத்ததும் இல்லாமல் போய்விடுகிறது. எங்கள் ஊரில் இதற்கு ஈடாக ஒன்றும் இல்லை என்பதை வேதனையோடு ஒப்புக்கொள்கிறேன். புஷ்பம் கொடுத்தனுப்பியதாகப் பொய் சொல்லி நீட்டினேன். பயிற்சியில் இதை நாங்கள் ‘நம்பிக்கையூட்டும் நடவடிக்கை’ என்போம்.

“அவளா? எனக்கா? மக்ரூனா?” என்று ரெஜினா சிரித்துவிட்டு, மூன்றைச் சாப்பிட்டு, அதன் பிறகு புஷ்பத்தைத் திட்டினார். பழைய குடை ஒன்றைக் கூடையில் செருகி, மீனுக்கு நிழல் கொடுத்துவிட்டு அவர் வெயிலில் இருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. சூடு ஏறிய சிமெண்டில் இருந்து எழுந்து நிற்க இரண்டு முறை சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவருடைய கண் இமையில்கூட வெயில் பட்டுத் தோல் உரிந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு மனசு கலங்கியது. எப்படியாவது இவர்களைச் சேர்த்து வைத்தே தீருவது என்று அப்போது முடிவெடுத்தேன். நல்ல நோக்கத்தோடு இருக்கும்போது நான் ரொம்ப ஆபத்தானவள்.

மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் கமிட்டி, காலையில் எனக்கு வேலை இல்லை. திருச்செந்தூர் போகாமல் திரும்பினால் மாமியார் என்னை வீட்டுக்குள் சேர்க்கமாட்டார். ஆகவே முருகனைப் பார்க்கக் கிளம்பினேன். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் காசு வேண்டாம் என்றார்கள். எங்கள் ஊரில் பெண்களிடம் காசும் வாங்கிக்கொண்டு இடமும் தருவதில்லை. ஆனால் திருச்செந்தூருக்குப் போகிற வண்டிக்குக் காசு உண்டு என்று நடத்துநர் சொன்னபோது, முருகனுக்கு இந்தத் திட்டத்தில் பங்கில்லை என்று தெரிந்தது. கூட்டம் மண்டியிருந்தது, முருகன் என்னைப் பார்த்தாரோ இல்லையோ, நான் முன்னால் நின்றவரின் முதுகைத் திவ்வியமாகத் தரிசித்தேன்.

திரும்பி வரும்போது வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்து, தலையைச் சொறிந்து, “எறங்குங்க, பின்னால வார வண்டியில ஏறிக்கிடுங்க” என்றார். பின்னால் வந்தது உவரி அந்தோனியார் கோவிலிலிருந்து வருகிற வண்டி. நான் எப்படியோ நெருக்கி ஏறினேன். ஏறிப் பார்த்தால், இரண்டு பேர் உட்கார்கிற இருக்கையில் புஷ்பமும் ரெஜினாவும். புஷ்பத்தின் தோளில் ரெஜினா தலை சாய்த்துத் தூங்குகிறார். இருவர் மடியிலும் சேர்த்து ஒரே தூக்குச்சட்டி, ஒரே கரண்டி.

என்னைப் பார்த்ததும் புஷ்பம், “மயினி, எந்திரி மயினி. கொழும்பக்கா பாத்துட்டாவ” என்றார்.

சுவருக்கு மேலால் நான் கேட்ட வார்த்தைகளில், அண்ணியை அன்போடு அழைக்கிற ‘மயினி’ மட்டும் இருந்ததில்லை. எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. ரெஜினா தள்ளி உட்கார்ந்து அரை இடம் கொடுத்தார். பிறகு இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள். சண்டையே இல்லை. ஒரு கடையில் இரண்டு பேர் இருக்க முடியாது, அவ்வளவுதான். கேட்டுப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். ஒற்றுமையாக இருந்தவரை இன்னொரு கடையைப் பற்றி யாரும் காது கொடுக்கவில்லை. அதனால் சண்டை பிடிக்க ஆரம்பித்தார்கள். ஊர் நம்புவதற்காக உள்ளூரில் திட்டிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை மட்டும் யாரும் அறியாத தூரத்துக்கு வந்து அந்தோனியாரிடம் பாவமன்னிப்புக் கேட்டுவிட்டு, புளிச்சோறு தின்றுவிட்டுப் போகிறார்கள். சந்தையில்கூடச் சுவரின் காற்றுத் துளை வழியாகத் தேநீர் போய் வருமாம்.

“இப்பம் காலியாக் கெடக்கது எங் கடைக்கு ஒட்டுன கடைதாங்கா” என்றார் புஷ்பம். “அது இவளுக்குக் கெடச்சிட்டுன்னா நெழலும் ஆச்சி, பக்கத்துலயும் ஆச்சி. நான் ஒண்ணுக்குப் போனா இவ பாத்துக்கிடுவா, இவ போனா நான் பாத்துக்கிடுவேன். பொறவு மெல்ல மெல்ல ராசியாயிருவோம், ஊரு நம்புத மாதிரி.”

“நீங்க வந்து சேத்து வைக்கப் போறியன்னு தலைவரு சந்தோசத்துல இருக்காரு” என்றார் ரெஜினா. “சேத்து வச்சிட்டியன்னா எனக்கு வெயிலுதாங்கா.”

நான் செய்யப் பார்த்த காரியம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரே வேண்டாம் என்கிற சண்டை ஒன்றை வைத்து இவர்கள் நிழல் தேடுகிறார்கள், நான் மக்ரூன் பெட்டியோடு வந்து அதைக் கெடுக்க இருந்தேன். கொழும்பு மேடை என் கண்முன்னாலேயே காலியானது. இவர்கள் கைகோத்து நிற்கிற படம் ஒன்று வெளியே வந்தால் போதும், கடை போய்விடும். போகட்டும் என்று நினைத்தேன். “கவலைப்படாதேங்கோ. இண்டைக்கு என்னட்ட விடுங்கோ” என்றேன். இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். புளிச்சோற்றிலும் ஒரு வாய் கிடைத்தது.

சாயங்காலம் கமிட்டி கூடியது. பெண்கள் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் என்னைத் தவிர ஒரு பெண்ணும் இல்லை. பன்னீர் சோடாவும் காராச்சேவும் வைத்தார்கள். தலைவர் என்னை வெளிநாட்டு நிபுணர் என்று அறிமுகப்படுத்தி, “ராசியாக்கிட்டியளா மேடம்?” என்று ஆவலோடு கேட்டார்.

நான் எழுந்து நின்றேன். வாழ்நாள் முழுவதும் இரண்டு பேரைச் சேர்த்து வைக்கப் பேசியவளுக்கு, பிரித்து வைக்கப் பேசுவது இத்தனை இனிக்கும் என்று தெரியாது. “ஏலாது” என்றேன். “இந்தப் பகை தீராது. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரிஞ்சாலே ஆபத்து. குரல் கேட்டாலே ரத்தம் கொதிக்குது. எங்கட நாட்டிலகூட இப்பிடி ஒரு பகையை நான் காணேல்ல.”

கடைசி வாக்கியத்துக்கு அறையே அதிர்ந்தது. “இலங்கைக்காரவளே இப்பிடிச் சொல்லுதாவன்னா!” என்று ஒருவர் சோடாவைக் கீழே வைத்தார். நான் உற்சாகத்தில் பகையின் நான்கு கட்டங்கள் என்று ஒரு விளக்கமும் கொடுத்தேன். எங்கள் பயிற்சியில் மூன்றுதான் உண்டு. நான்காவதை அங்கேயே கண்டுபிடித்தேன். அரை மணி நேரத்தில் முடிவாகிவிட்டது. செல்போன் கடை இல்லை, ரெஜினாவுக்குத் தனிக் கடை. தலைவர் தங்கை மகனை நினைத்துப் பெருமூச்சு விட்டார். நான் விடுதிக்குப் போய், வெற்றியைக் கொண்டாட இன்னும் இரண்டு பரோட்டா சாப்பிட்டேன்.

ஊருக்குக் கிளம்புகிற நாள் காலையில் சந்தைக்கு ஓடினேன். புஷ்பத்தின் கடையை ஒட்டிய மேடையில், ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு, கருவாட்டுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். புஷ்பம் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ரெஜினா எங்கே என்று கேட்டேன். சந்தையின் மறுகோடியைக் கைகாட்டினார்.

ஐஸ் இறக்குகிற வாசலுக்குப் பக்கத்தில், கடைசி மேடை. இத்தனை காலமும் அந்தக் கருவாட்டுக்காரர் இருந்த இடம். வெளிநாட்டு நிபுணரே எச்சரித்த பிறகு, இவர்களை அடுத்தடுத்து வைத்துக் கொலைப்பழி ஏற்கத் தலைவர் தயாராக இல்லை. ராத்திரியே ஆளை மாற்றிவிட்டார். நடுவில் சந்தை முழுவதும் கிடந்தது. முன்பு ஒரு சுவர் இருந்தது, அதிலாவது துளை இருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ரெஜினா அழவில்லை. நிழலில் இருந்தார், முகத்தில் வெயில் இல்லை. கூடையிலிருந்த சாளை மீனை மேடையில் பரப்பிக்கொண்டே, “வாங்கக்கா. உக்காருங்க. குளுமையா இருக்குல்லா?” என்றார். பிறகு, பக்கத்துக் கடைக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “செத்த நேரம் பாத்துக்கிடுதியளா? விடியக்காலத்துலேர்ந்து ஒண்ணுக்குப் போகல. யாருகிட்டயும் சொல்லிட்டுப் போக முடியல” என்றார்.

நான் மேடையில் ஏறி உட்கார்ந்தேன். ஒரு அம்மா வந்து சாளை விலை கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் அடுத்த கடைக்குப் போனார். இன்னொருவரும் வந்து கேட்டுவிட்டு அப்படியே போனார். தூரத்தில் புஷ்பம் விற்பதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெஜினா திரும்பி வந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பேச விடவில்லை. என் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார்:

“நல்லதுக்குத்தான் சொன்னிய, தெரியும். ஆனாலும் பொய்யக் கொஞ்சம் கொறச்சிச் சொல்லிருக்கலாங்கா.”